சுற்றுப் பெட்டியில் தங்கிப்போன சேதி

போன மாதம் அந்த இடிந்த மடத்துக்குச் சேர்ந்து போய் வந்தோமே, அங்கே நான் ஏன் அப்படி அழுதேன் என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. பேங்க் சார் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "சுகர் இறங்கியிருக்கும், ஒரு மிட்டாய் வாயில போடுங்க" என்றார். டீச்சர் முதுகைத் தடவினார். அதற்கே உங்களுக்கெல்லாம் நன்றி. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஆறு வருடமாகச் சேர்ந்து நடக்கிறோம். ஒருவர் முழங்கால் வலி மற்றவருக்குத் தெரியும், மருமகள் சண்டை தெரியும், எந்த டாக்டர் எந்த மாத்திரையை மாற்றினார் என்பது வரைக்கும் தெரியும். இது மட்டும் தெரியாது. வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். டீச்சர் முதலில் படிக்கட்டும். பிறகு கை மாற்றிக்கொள்ளுங்கள். தயவுசெய்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள்.

வாயால் சொல்ல வராது என்று சொல்கிறவள் முப்பத்தைந்து வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊர் பேச்சையெல்லாம் இணைத்துக்கொடுத்தவள். சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள், நானும் பல தடவை சிரித்திருக்கிறேன்.

நீங்கள் பார்த்த மடத்துக்கு இரண்டு பக்கமும் பதினான்கு மாடி எழும்பி நிற்கிறது. பால்கனிகளில் துணி காய்கிறது. நான் பார்த்தபோது பெருங்களத்தூரில் இறங்கி, பனைமரங்களுக்கு நடுவே மணலில் செருப்புப் புதையப் புதைய நடக்க வேண்டும். மதில் அப்போது எனக்கு மூன்று ஆள் உயரம். மேலே கண்ணாடிச் சில்லு பதித்திருந்தார்கள். பள்ளிக்கூடம் நடத்துகிற, ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற சிஸ்டர்கள் வேறு, இவர்கள் வேறு. இது அடைபட்ட சபை. உள்ளே போனால் போனதுதான். செபம், தோட்டம், சுற்றுவட்டாரக் கோவில்களுக்கெல்லாம் பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பம் சுட்டுக் கொடுப்பது, கடைசியில் சாவு, எல்லாம் அந்த மதிலுக்குள்ளேயே. வெளியாட்களோடு பேச ஒரே ஒரு சிஸ்டருக்குத்தான் அனுமதி. அவர் வாசல் பக்கத்து அறையில் இருப்பார். வெளி சிஸ்டர் என்போம்.

அந்த வாசல் அறையில் கண்ணாடி போட்ட ஒரு படம் தொங்கியது. பிரான்சில் எங்கோ எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முன்னால் கட்டிய ஒரு கன்னியர் மடம். கூரை போய், கல் வளைவுகள் மட்டும் நிற்கும். நடுவில் நான்கு பாத்தி, பாத்திகளுக்கு நடுவில் ஒரு கிணறு. இங்கே இருந்த பெரிய மதர் அந்த ஊர்க்காரர். அந்தப் பழைய மடத்தின் சட்டதிட்டத்தையும் தோட்டத்தின் அமைப்பையும் அப்படியே கொண்டுவந்து நம் செம்மண்ணில் வைத்துவிட்டார். படத்தைப் பார்த்து நான் ஒருநாள் கேட்டேன்.

"ஏன் சிஸ்டர் மேல ஓடு இல்ல?"

"காலமாச்சுன்னா எல்லாம் விழும்."

"உள்ள இருந்தவங்க எங்க போனாங்க?"

வெளி சிஸ்டர் யோசித்து, "மோட்சத்துக்கு" என்றார். எனக்கு அது நம்பும்படியாக இல்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

என் அம்மாவின் தங்கை, என் சித்தி, அந்த மடத்துக்குள் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவராகப் போனார் என்றுதான் உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டோம். நடந்தது வேறு. மாமாவுக்குச் சின்ன வயதில் டைபாய்டு கண்டு பிழைப்பானா என்று கிடந்தபோது, பையன் எழுந்து நடந்தால் இரண்டாவது பெண்ணை மாதாவுக்குக் கொடுக்கிறேன் என்று தாத்தா நேர்ந்துகொண்டார். மாமா எழுந்து நடந்தார். சித்தி எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் பாஸ் செய்து, ஒரு கம்பெனியில் ஆறு மாதம் வேலையும் பார்த்தார். பிறகு தாத்தா நேர்ச்சையை நினைவுபடுத்தினார். மடத்து வாசலில் சித்தி கைக்கடிகாரத்தைக் கழற்றி என் அம்மா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாராம். அம்மா தினமும் காலை ரேடியோவில் மணி சொல்லும்போது அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். கையில் கட்டியதே இல்லை. சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டுவிட்டு, திரும்பப் பெட்டிக்குள் வைப்பார்.

அந்தக் கோடை விடுமுறையில் எனக்கு ஏழு வயது நிறைய ஆறு வாரம் இருந்தது. ஏழாவது பிறந்த நாளன்று புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்குவதை எங்களில் அப்படிச் சொல்வோம். அதற்கான ஞானோபதேச வகுப்பை வெளி சிஸ்டர் மடத்து வாசல் அறையில் நடத்தினார். எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எட்டுப் பேர் தினமும் காலையில் போவோம். வகுப்பு முடிந்தால் அப்பம் வட்டமாக வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் ஓரங்களை ஆளுக்கொரு கை தருவார்கள். உப்பும் இருக்காது, சர்க்கரையும் இருக்காது. நாக்கில் ஒட்டிக்கொண்டு கரையும். அதற்காக நாங்கள் அடித்துக்கொள்வோம்.

அந்த ஓரங்கள் உள்ளேயிருந்து வருவது சுற்றுப் பெட்டி வழியாக. நீங்கள் எல்லோரும் அதைத் தட்டிப் பார்த்தீர்கள். பேங்க் சார் அதை அரிசி கொட்டி வைக்கிற குதிர் என்றார். அது சுவருக்குள் செங்குத்தாக நிறுத்திய மரப் பீப்பாய். ஒரு பக்கம் மட்டும் திறப்பு. வெளியே இருப்பவர் பொருளை வைத்துவிட்டுச் சுற்றினால் திறப்பு உள்பக்கம் போய்விடும். உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்வார். காய்கறி, மருந்து, மாவு எல்லாம் அப்படித்தான் போகும். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

ஏழு வயது ஆகாத பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு விலக்கு இருந்தது. ஏழு வயதில்தான் புத்தி விவரம் வருகிறது, பாவம் எது என்று தெரிகிறது, அதுவரைக்கும் பிள்ளை உள்ளே வந்தால் மடத்தின் அடைப்பு கெடாது என்பது அவர்கள் கணக்கு. வியாழக்கிழமைகளில் சிஸ்டர்கள் தோட்டத்தில் அரை மணி நேரம் பேசிக்கொள்ளலாம். அந்த அரை மணிக்கு என்னை உள்ளே அனுப்பப் பெரிய மதர் சம்மதித்தார். அதற்காகப் பூட்டுக் கதவைத் திறக்க முடியுமா? என்னையும் மாவு மூட்டை போலச் சுற்றுப் பெட்டியில்தான் வைத்தார்கள்.

முதல் வியாழக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வெளி சிஸ்டர் சுற்ற ஆரம்பித்தார். பாதி சுற்றியிருக்கும், திறப்புச் சுவருக்குள் மறைந்திருக்கும், அப்போது பன்னிரண்டு மணி திரிகால மணி அடித்துவிட்டது. அந்த மணி அடித்தால் எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு முழந்தாளிட வேண்டும், அதுதான் சட்டம். வெளியே வெளி சிஸ்டர் முழந்தாளிட்டார். உள்ளே வாங்க நின்றவரும் முழந்தாளிட்டார். நடுவில் நான். இருட்டு என்றால் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாக இருக்கிற இருட்டு. கருகிய மாவு வாசனை. இரண்டு பக்கமும் மெல்லிய குரலில் செபம் கேட்கிறது, என் மூச்சு எனக்கே திரும்பி வருகிறது. நான் கத்தவில்லை. கத்தினால் பாவம் என்று நினைத்தேன். பாவாடை நனைந்ததைப் பிறகுதான் உணர்ந்தேன். திறப்பு உள்பக்கம் வந்ததும் வெள்ளைத் துணிக்கு நடுவில் சித்தியின் முகம் தெரிந்தது. என்னைத் தூக்கி இறக்கி, ஈரத்தைப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் தோட்டத்துத் தொட்டியில் அலசிவிட்டார். "பயந்துட்டியா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். "எனக்கு பயமா இருந்துச்சு" என்றார் சித்தி. என்னைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் வந்த மூன்று வியாழக்கிழமைகளும் நல்லபடியாகப் போயின. தோட்டம் உண்மையிலேயே அழகு. படத்தில் இருந்த அதே நான்கு பாத்தி, நடுவில் கிணறு. மதர் தன் ஊர் விதைகளைப் போட்டுப் பார்த்து ஒன்றும் வராமல், கடைசியில் நந்தியாவட்டையும் கனகாம்பரமும் கத்தரியும் பாத்திகளில் நின்றன. ஒரு மூலையில் எலுமிச்சை மரம். சித்திக்குக் களை பிடுங்குகிற வேலை. பிடுங்கும்போது இடது கை சும்மா இருக்காது, மண்ணில் டைப் அடித்துக்கொண்டே இருக்கும். நான் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். சற்றுத் தள்ளி வயதான ஒரு சிஸ்டர் ஜெபமாலையோடு உட்கார்ந்திருப்பார், புதிதாகச் சேர்ந்தவர்களைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

நான்காவது வியாழக்கிழமை சித்தி என்னை எலுமிச்சை மரத்தடிக்குக் கூட்டிப்போனார். இலையைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே, முகத்தில் சிரிப்பு மாறாமல், தணிந்த குரலில் பேசினார்.

"உங்க அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லுவியா?"

"ம்."

"எனக்கு இங்க இருக்க முடியல. வீட்டுக்கு வரணும். ஆகஸ்ட்ல மாதா திருநாளன்னிக்கு வார்த்தைப்பாடு குடுத்துட்டா அப்புறம் வர முடியாது. அதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு. அம்மாகிட்ட மட்டும். தாத்தா இருக்கும்போது சொல்லாத. என்ன?"

"லெட்டர் எழுதுங்களேன்."

"லெட்டரை மதர் படிப்பாங்க. படிச்சுட்டு தாத்தாவுக்குத்தான் எழுதுவாங்க. உங்க அம்மா ஒருத்திதான் அவர்கிட்ட எதிர்த்துப் பேசுவா." என் விரல்களை மடக்கி இலையை உள்ளே வைத்து மூடினார். "மறந்துட்டா கையை மோந்து பாரு. ஞாபகம் வரும்."

நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இத்தனை வருடம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்தால் தாத்தா வந்து இறங்கியிருக்கிறார். பேத்தியின் புதுநன்மைக்கு இரண்டு வாரம் முன்னாலேயே வந்துவிட்டார். குவார்ட்டர்ஸ் வீடு உங்களுக்குத் தெரியும், ஒரு அறை, ஒரு சமையலறை. இரண்டுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அம்மா தையல் மெஷினில் என் வெள்ளைக் கவுனைத் தைத்துக்கொண்டிருந்தார், வாய் நிறைய குண்டூசி. ஒருநாள் மெஷின் பக்கத்தில் போய், "அம்மா, சித்தி" என்று ஆரம்பித்தேன்.

"சித்தியா?" தாத்தா நாற்காலியைத் திருப்பினார். "என்ன சொன்னா எம் பொண்ணு? சந்தோஷமா இருக்காளா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் ஊசியைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ம்" என்றேன்.

தாத்தா மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா," என்றார் அம்மாவிடம். "நீதான் அன்னிக்கு அவ்வளவு சண்டை போட்ட." அம்மா மெஷினை மிதித்தார். தாத்தா கெட்டவர் இல்லை. அவர் அழுதது நிஜமான சந்தோஷம். அதனால்தான் அவரை முழுசாக வெறுக்கவும் எனக்கு முடியவில்லை.

மறு வியாழக்கிழமை மதருக்குக் காய்ச்சல், என்னை உள்ளே விடவில்லை. அதற்கடுத்த வாரம் எனக்கு முதல் பாவசங்கீர்த்தனம். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது. வெளி சிஸ்டர் அதற்காகக் கரும்பலகையில் ஒரு இருதயம் வரைந்தார். அதில் சாக்பீஸால் புள்ளிகள் வைத்தார். ஒவ்வொன்றும் ஒரு பாவம். பிறகு ஈரத்துணியால் ஒரே துடைப்பு.

"போச்சா? இனிமே தேடினா கிடைக்குமா?"

"கிடைக்காது சிஸ்டர்."

"தேடவும் கூடாது. சாமியார்கிட்ட சொன்னது அங்கயே முடிஞ்சுது. வெளிய வந்து அதை மறுபடி எடுத்தா, ஆண்டவர் மன்னிச்சதை நீங்க நம்பலைன்னு அர்த்தம்."

எட்டுப் பேரும் தலையாட்டினோம். அதைப் புத்தியில் பச்சை குத்தினது போல எடுத்துக்கொண்டவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

கோவிலில் தாம்பரம் சாமியார் உட்கார்ந்திருந்தார். வயதானவர், மூக்குப்பொடி வாசனை. மடத்து சிஸ்டர்களுக்கும் அவர்தான் பாவசங்கீர்த்தனம் கேட்பவர். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் முழந்தாளிட்டு என் பட்டியலைச் சொன்னேன். தம்பியைக் கிள்ளினேன். சர்க்கரை எடுத்துத் தின்றேன். பொய் சொன்னேன், எத்தனை தடவை என்று தெரியவில்லை. பிறகு, "எங்க சித்தி அம்மாகிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க சாமி. நான் சொல்லல" என்றேன்.

"எந்தச் சித்தி?"

"மடத்துச் சித்தி."

"என்ன சொல்லச் சொன்னாங்க?"

"வீட்டுக்கு வரணுமாம். அங்க இருக்க முடியலியாம்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று கம்பி வழியாகப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, என் முழங்கால் வலித்தது.

"சரி," என்றார் கடைசியில். "ஆண்டவர் பாத்துக்குவார். மூணு பிரியதத்தம் சொல்லு."

பிரியதத்தம் என்றால் மாதாவுக்குச் சொல்லும் செபம். எனக்கு மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. சொல்லி முடித்து எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. அந்த லேசைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு ஓடினேன். தாத்தா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா சமையலறையில் தனியாக, கீரை ஆய்ந்துகொண்டு இருந்தார். இரண்டு வாரமாக நான் தேடிய தனிமை அது.

"என்னடி, எல்லாம் சொல்லிட்டியா சாமியார்கிட்ட?"

"சொல்லிட்டேம்மா."

"ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம."

"சமத்து," என்று அம்மா என் கையை இழுத்து முத்தமிட்டார். கையில் எலுமிச்சை வாசனை எப்போதோ போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். சித்தியின் சேதி துடைக்கப்பட்டுவிட்டது, அதை இனிமேல் எடுப்பதுதான் பாவம்.

பெரியவர்களை இந்த வயதில் திட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது, நமக்கெல்லாம் தெரியும். சாமியார் பாவசங்கீர்த்தன ரகசியத்தை வெளியே சொல்ல முடியாது, அது அவருக்கு உயிர்போனாலும் மீறக் கூடாத கட்டு. ஆனால் என்னிடம், "போய் இன்னைக்கே அம்மாகிட்ட சொல்லு" என்று சொல்லியிருக்கலாமே. அதைத் தடுக்கிற சட்டம் எதுவும் இல்லை. அந்த நீண்ட மௌனத்தில் அவர் என்ன யோசித்தார்? புதிதாகச் சேருகிற பெண்கள் எல்லோரும் முதலில் இப்படித்தான் தவிப்பார்கள், பிறகு சரியாகிவிடும் என்றா? ஒருவேளை சித்தி அவரிடமும் சொல்லியிருப்பாரோ? கேட்க நினைத்த வயதில் அவர் இல்லை.

புதுநன்மைக்கு மறுநாள் அம்மா என்னை வெள்ளைக் கவுனோடு மடத்துக்குக் கூட்டிப்போனார். எனக்கு இப்போது ஏழு வயது. இனிச் சுற்றுப் பெட்டி இல்லை. பேசும் அறையில் இரும்புக் கம்பி, அதற்குப் பின்னால் கறுப்புத் திரை, திரைக்குப் பின்னால் சித்தி, சித்திக்குப் பக்கத்தில் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க அந்த வயதான சிஸ்டர். எனக்காகத் திரையைக் கொஞ்சம் விலக்கினார்கள். அம்மா முறுக்கு டப்பாவை வெளி சிஸ்டரிடம் கொடுக்க வாசல் அறைக்குப் போனார். சித்தி கம்பி வழியாக ஒரு விரலை நீட்டி என் கவுனின் லேஸைத் தொட்டார்.

"அம்மா என்ன சொன்னா?"

பக்கத்தில் சிஸ்டர் இருந்தார். கேட்டிருந்தாலும் கவுனைப் பற்றிக் கேட்கிறார் என்றுதான் நினைத்திருப்பார். எனக்குப் புரிந்தது.

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமே சொல்லலியா?"

"ஒண்ணுமே சொல்லல."

நான் சொன்னது உண்மை. அம்மா ஒன்றுமே சொல்லவில்லைதான். பொய் சொல்லக் கூடாது என்று நேற்றுதான் சத்தியம் செய்திருந்தேன், அதைக் காப்பாற்றிவிட்டேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. விரல் கம்பிக்குப் பின்னால் போனது. அம்மா திரும்பி வந்து, "என்ன, இளைச்சுட்ட? சாப்பிடறியா? ஏதாவது வேணுமா சொல்லு" என்று கேட்டார். "எதுவும் வேணாங்க்கா," என்றார் சித்தி. அவ்வளவுதான். மீதி நேரம் அம்மா மட்டுமே பேசினார். நான் திறந்த கதவு வழியாக வாசல் அறைப் படத்தில் அந்த வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் வார்த்தைப்பாடு, மடத்துக்கென்றே இருப்பேன் என்று கொடுக்கும் வாக்கு. சித்தியின் முடியை வெட்டி ஒரு தட்டில் வைத்தார்கள். தாத்தா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பின் நாற்பது வருடத்துக்கு மேல் சித்தி அங்கேயே இருந்தார். அப்பம் சுடுகிற அறைக்குப் பொறுப்பாளர் ஆனார். பிற்காலத்தில் சட்டம் தளர்ந்தது, திரை போனது, கம்பிக்கு எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசலாம். ஆனால் என் அம்மா போனால் சித்தி தலைவலி என்பார், செப நேரம் என்பார். வந்து உட்கார்ந்தாலும் கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். அக்கா தன்னை அங்கேயே விட்டுவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் காரணம் தெரியாது.

எனக்கு எப்போது விளங்கியது என்று கேட்பீர்கள். பத்தொன்பது வயதில் அரைகுறையாக விளங்கியது, முப்பதில் நன்றாகவே விளங்கியது. ஆறு வயதுப் பிள்ளையின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதை மன்னித்துவிட்டேன். என் கோபம் எல்லாம் முப்பத்தைந்து வயதுக்காரி மேல்தான். அந்த வயதில் ஒரு காலை நேரம், ரேடியோ மணி சொன்னது, அம்மா கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். காதில் வைத்துக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "நான் அவளுக்கு என்னடி பண்ணேன்? ஒரே ஒரு வார்த்தை, எனக்கு இங்க பிடிக்கலக்கான்னு சொல்லியிருந்தா, எங்கப்பா கால்ல விழுந்தோ கழுத்தைப் பிடிச்சோ அன்னிக்கே கூட்டிட்டு வந்திருப்பேன். அவளுக்குப் பிடிச்சுதான் இருந்துது. அப்புறம் ஏன் என்னைக் கண்டா முகத்தைத் திருப்பறா?"

வாயைத் திறந்தேன். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன்.

சொன்னால் அம்மா தாங்க மாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். என்னை இனிமேல் எப்படிப் பார்ப்பார் என்றுதான் பயந்தேன். ஒரு தடவை சித்தியிடமாவது சொல்லிவிடலாம் என்று தனியாக மடத்துக்குப் போனேன். எதிரே உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசினேன், என் ட்ரான்ஸ்ஃபரைப் பற்றிப் பேசினேன். சித்தி அப்ப ஓரங்களை ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். "உனக்கு இது ரொம்பப் பிடிக்குமே" என்றார். பஸ்ஸில் வரும்போதே எல்லாவற்றையும் தின்று தீர்த்தேன். சித்தி முதலில் போனார், இரண்டு வருடம் கழித்து அம்மா. குவார்ட்டர்ஸைக் காலி செய்து சிட்லபாக்கத்துக்கு வந்தபோது கடிகாரம் எங்கேயோ போய்விட்டது. எவ்வளவோ தேடினேன்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். மடத்தில் மிஞ்சிய நான்கைந்து சிஸ்டர்களைச் சில வருடம் முன்பே வேறெங்கோ அனுப்பிவிட்டார்கள், இடம் கைமாறிவிட்டது, இடிப்பதற்குள் பார்த்துவிடலாம் என்று பேங்க் சார்தான் ஏற்பாடு செய்தார். காலை நடைக்குப் பதிலாகப் பழைய கட்டடம், தோட்டம், ஃப்ளாஸ்க்கில் காபி. நான் உங்களில் யாரிடமும் என் சித்தி இருந்த இடம் என்று சொல்லவில்லை. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, "இன்னாத்துக்கும்மா இங்க வந்துகினு, ஒண்ணுமே இல்லையே" என்றார். "அந்தாண்ட போவாதீங்க, கெணறு கீது. மூடி இல்ல."

கூரை போயிருந்தது. உள்முற்றத்தின் வளைவுகள் மட்டும் நின்றன. வாசல் அறையில் தொங்கிய அந்தப் படத்தை யாரோ பெரிதாக்கி இங்கே நிறுத்தியது போல இருந்தது. கம்பிகளைப் பெயர்த்து எடுத்துப் போயிருந்தார்கள், சுவரில் வரிசையாக ஓட்டைகள். நான்கு பாத்தியிலும் சீமைக்கருவேலம். எலுமிச்சை மரம் நின்ற மூலையில் செப்டிக் டேங்க் குழாய். டீச்சருக்கு முழங்கால் வலி, வாசல் அறையிலேயே ஒரு கல்லில் உட்கார்ந்து எல்லோருக்கும் காபி ஊற்றத் தொடங்கினார். நீங்கள் ஆளுக்கொரு பக்கம் போட்டோ எடுக்கப் போனீர்கள். நான் உள்ளே போனேன். பூட்டுக் கதவு இருந்த இடத்தில் கதவே இல்லை. அந்த வழியாக நடந்து உள்ளே போனது எனக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சுற்றுப் பெட்டி மட்டும் சுவரோடு சுவராக அப்படியே நின்றது. கரையான் அரித்த மரம். திறப்பு என் பக்கம் பார்த்திருந்தது. தள்ளிப் பார்த்தேன், சுற்றவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். இவ்வளவு சிறிய இடத்திலா உட்கார்ந்திருந்தேன் என்று இருந்தது. குனிந்து தலையை உள்ளே விட்டேன். மாவு வாசனை இல்லை, எலிப் புழுக்கை வாசனைதான். ஆனால் இருட்டு அதே இருட்டு. அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் நகர்த்துகிற சத்தம் மெல்லக் கேட்டது. சமையலறையில் ஒருத்தர் வேலையாக இருக்கிற சத்தம்.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

"அம்மா, சித்திக்கு அங்க இருக்க முடியலியாம். வீட்டுக்கு வரணுமாம்."

டீச்சர், நீங்கள் அந்தப் பக்கம் காபி ஊற்றிக்கொண்டு இருந்தீர்கள். நான் யாரைப் பற்றியோ விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். யார், என்ன என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கை வேலையை விடாமல், மரத்துக்குள் அமுங்கிய குரலில் சொன்னீர்கள்:

"வரட்டுமே. யாரு வேணாம்னது? சீக்கிரம் வரச் சொல்லுங்க, காபி ஆறுது."

என் அம்மா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். இதே அலுப்போடு, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். இதற்கு மேல் ஒரு சொல் தேவைப்பட்டிருக்காது.

பதிலை வாங்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் திரும்பினேன். சொல்வதற்கு அங்கே ஆள் இல்லை.